கட்டாயச் செய்தியாளர் சந்திப்பும் சோர்ந்த மனமும்: விளையாட்டு வீரர்களுக்கான நடைமுறைக் கையேடு

2021 மே 30, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் நடந்த பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் தொடரின் முதல் சுற்றில் ஜப்பான் வீராங்கனை நவோமி ஒசாகா, ருமேனியாவின் பாட்ரிசியா மரியா டிக்கை 6-4, 7-6 என்ற கணக்கில் வென்றார். களத்தில் நின்றபடியே சுருக்கமாகப் பேசினார். செய்தியாளர் அறைக்கு மட்டும் போகவில்லை. அன்றே அவருக்கு 15,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. டென்னிஸின் மிகப் பெரிய நான்கு தொடர்களான கிராண்ட்ஸ்லாம்களை நடத்தும் அமைப்புகள் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டு, மீறல் தொடர்ந்தால் தொடரிலிருந்தே வெளியேற்றப்படலாம், இனிவரும் கிராண்ட்ஸ்லாம்களிலும் தடை வரலாம் என்று எச்சரித்தன. மறுநாள் ஒசாகா தொடரிலிருந்து விலகினார். 2018 யுஎஸ் ஓபன் முதல் நீண்ட மனச்சோர்வுக் காலங்களால் அவதிப்பட்டு வருவதாகவும், செய்தியாளர்கள் முன் பேசப் போகுமுன் பெரும் பதற்றம் வந்துவிடுவதாகவும் அப்போதுதான் எழுதினார்.

செய்தியாளர் சந்திப்பிலிருந்து விலகியிருக்க அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. ஆனால் கேட்ட முறை, அவருக்கு உதவ நினைத்திருக்கக்கூடியவர்களுக்கும் வழியை அடைத்துவிட்டது. செய்தியாளர் சந்திப்பிலிருந்து விலக்கோ சலுகையோ கேட்பது அடிப்படையில் ஒரு நிர்வாக வேலை. காயம்பட்ட முழங்காலுக்கு எப்படி மருத்துவச் சான்று, விண்ணப்பம், அனுமதி என்று ஒவ்வொன்றாகச் செய்கிறோமோ, அதே நிதானத்தோடு இதையும் செய்ய வேண்டும். முதன்முறையாகப் பெரிய தொடருக்குப் போகும் வீரர்களையும், அவர்களுடைய பயிற்சியாளர், மேலாளர், பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் டென்னிஸிலிருந்து வருகின்றன. இந்தப் பிரச்சினை வெட்டவெளிச்சமானது அங்கேதான்.

விதிப்புத்தகத்தை நீங்களே படியுங்கள்

மேலாளர் படித்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். ஒசாகா விவகாரத்தின்போது இருந்த கிராண்ட்ஸ்லாம் விதியின் சாரம் இதுதான்: காயமடைந்து, உடலளவில் வர இயலாத நிலையில் இருந்தாலொழிய, வென்றவரும் தோற்றவரும் ஆட்டம் முடிந்த 30 நிமிடத்துக்குள் செய்தியாளர் சந்திப்புக்கு வர வேண்டும், வராவிட்டால் 20,000 டாலர் வரை அபராதம். தக்க காரணம் இருந்தால் அந்த நேரத்தை நீட்டிக்கவோ மாற்றியமைக்கவோ தொடரின் தலைமை நடுவருக்கு அதிகாரம் உண்டு என்பதும் அதே விதியில் இருக்கிறது.

இதில் இரண்டு கதவுகள் இருப்பதைக் கவனியுங்கள். முதல் கதவு காயம். அங்கே ‘உடலளவில்’ என்ற சொல் காவலாளியைப் போல நிற்பதால், மனநிலையைக் காரணம் காட்டி அதன் வழியே நுழைவது கடினம். இரண்டாவது கதவு ‘தக்க காரணம்’. பெரும்பாலோர் தட்டிப் பார்க்காத கதவு இது. முழு விலக்கு கிடைக்காவிட்டாலும் நேரம், நீளம், வடிவம் ஆகியவற்றில் சலுகை கேட்க இடமுண்டு. நெருக்கடியில் இருக்கும் ஒருவருக்குப் பல சமயம் அதுவே போதும். விதிகள் ஆண்டுக்காண்டு திருத்தப்படுவதால் நீங்கள் ஆடப்போகும் ஆண்டின் பதிப்பையே பாருங்கள். உங்கள் சங்கத்தின் விதி, தொடரின் விதி, விளம்பரதாரர் ஒப்பந்தம் மூன்றும் தனித்தனிக் கடமைகளைச் சுமத்தக்கூடும் என்பதால், மூன்றையும் அருகருகே வைத்துப் படிப்பது நல்லது.

அபராதத்தின் கனமும் ஆளுக்கு ஆள் மாறும். ஃபோர்ப்ஸ் கணக்குப்படி 2020இல் ஒசாகா ஓராண்டில் ஈட்டியது 3.74 கோடி டாலர். அவருக்கு 15,000 டாலர் பொருட்டே அல்ல. அதே பிரெஞ்சு ஓபனில் முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைத்த பரிசு 60,000 யூரோ. விமானக் கட்டணம், பயிற்சியாளர் சம்பளம், விடுதிச் செலவு எல்லாவற்றையும் அதிலிருந்தே கொடுக்க வேண்டிய வீராங்கனைக்கு அந்த அபராதம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே ‘அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம்’ என்ற அறிவுரையை யார் சொன்னாலும், அவருடைய வருமானம் என்ன என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: இத்தகைய விதிகள் பொதுவாகக் கேட்பது வருகையைத்தான், ஒவ்வொரு கேள்விக்கும் விரிவான பதிலை அல்ல. அமெரிக்கக் கால்பந்து வீரர் மார்ஷான் லிஞ்ச், ஊடகங்களிடம் பேச மறுத்ததற்காக 2014இல் 1,00,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார். 2015 ஜனவரியில், அந்த விளையாட்டின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்கு முந்தைய ஊடக நாளில் வந்து உட்கார்ந்தார்; எதைக் கேட்டாலும், அபராதம் போடக்கூடாது என்பதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். விதியின் எழுத்து நிறைவேறியது. லிஞ்சின் செல்வாக்கு இல்லாத பத்தொன்பது வயது வீரர் அப்படிச் செய்தால் திமிர் என்று எழுதுவார்கள். அதனால் அதை நகலெடுக்கச் சொல்லவில்லை. ஒலிம்பிக்கில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. செய்தியாளர்கள் நிற்கும் கலப்புப் பகுதி வழியாக வீரர்கள் நடந்து போக வேண்டும். நின்று பேசித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மருத்துவரிடம் முதலில், மற்றவர்களிடம் பிறகு

விலக்கு கேட்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், உங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை ஒரு மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். தோற்ற அன்று பேசப் பிடிக்காமல் போவது இயல்பு. ஆனால் நாளைய சந்திப்பை நினைத்தே இன்றைய தூக்கம் போவது, ஆட்டத்தின் நடுவிலேயே என்ன கேட்பார்களோ என்ற எண்ணம் ஓடுவது, அறை வாசலில் மூச்சு முட்டுவது, வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது ஆகியவை வேறு வகை. விளையாட்டு வீரர்களுக்கென்றே சர்வதேச ஒலிம்பிக் குழு ஒரு மனநல மதிப்பீட்டுக் கருவியை உருவாக்கியிருக்கிறது. பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் மனச்சோர்வு, பதற்றம், தூக்கம் பற்றிய அடுத்த படிவங்களுக்கு அது இட்டுச் செல்லும். விளையாட்டு மருத்துவர்கள் பயன்படுத்துவதற்கானது அது. வீட்டில் உட்கார்ந்து நாமே மதிப்பெண் போட்டுக்கொள்வதற்கல்ல. இந்தியாவில் இருக்கும்போது உடனடியாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

மருந்து எழுதித் தந்தால், நீங்கள் ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு உட்பட்டவர் என்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இல்லை. மேடை நடுக்கத்துக்காகச் சிலர் எழுதித் தரும் புரோப்ரனலால் போன்ற, இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர்களின் கதை வேறு: டென்னிஸில் அவற்றுக்குத் தடையில்லை, துப்பாக்கி சுடுதல், வில்வித்தை, கோல்ஃப் போன்றவற்றில் தடை உண்டு. செய்தியாளர் சந்திப்புக்காகப் போட்ட மாத்திரைதான் என்று பிறகு சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது.

சான்று வாங்கும்போது, நோயின் பெயரைவிட உங்களால் எது இயலும், எது இயலாது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘இந்த வீரர் அடுத்த ஆறு வாரங்களுக்குத் திறந்த கேள்விநேரத்தில் பத்து நிமிடங்களுக்கு மேல் பங்கேற்பது மருத்துவரீதியாக உகந்ததல்ல’ என்ற ஒரு வரி, இரண்டு பக்க நோய் வரலாற்றைவிடப் பயன் தரும். உங்கள் ரகசியமும் காக்கப்படும். இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரைப் பற்றிய தகவலை அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. அப்பாவே மேலாளராகவும் இருக்கும் குடும்பங்களில் இதை முதலில் அப்பாவுக்குப் புரியவைக்க வேண்டியிருக்கும். ‘பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் டென்ஷன்’ என்று அவர் நிருபரிடம் சொல்வதும் தகவலை வெளியிடுவதுதான்.

கடிதத்தை எப்போது, யாருக்கு, எப்படி எழுதுவது

ஒசாகா விவகாரம் நடந்த வரிசையைப் பாருங்கள். மே 26, புதன்கிழமை: இந்தத் தொடரில் செய்தியாளர்களைச் சந்திக்க மாட்டேன் என்று சமூக ஊடகத்தில் அறிவிப்பு. அதில் மனநலம் என்ற சொல் இருந்தது. மனச்சோர்வு பற்றி இல்லை. தோற்றவரைக் கேள்வியால் குடைவது விழுந்தவரை மிதிப்பதற்குச் சமம் என்ற குற்றச்சாட்டு இருந்தது. நிர்வாகத்துக்குத் தனியே எழுதி வருத்தம் தெரிவித்து, தொடர் முடிந்தபின் பேசலாம் என்று சொன்னதாக அவர் பின்னர் குறிப்பிட்டார். தொடர்புகொள்ள முயன்றும் அவர் பேச வரவில்லை என்றது நிர்வாகம். எப்படியானாலும், பொது அறிவிப்பு வந்துவிட்ட பிறகு நிர்வாகத்தால் சத்தமில்லாமல் ஒரு சலுகை தர முடியாது. ஒருவருக்குத் தந்தால் மற்ற வீராங்கனைகளுக்கு என்ன பதில் என்ற கேள்வி உடனே எழுந்துவிடும்.

ஆகவே தொடர் தொடங்க மூன்று நான்கு வாரங்கள் இருக்கும்போதே எழுதுங்கள். தலைமை நடுவர் அல்லது சூப்பர்வைசருக்கு ஒரு பிரதி, உங்கள் சங்கத்தின் வீரர் நலப் பிரிவுக்கு ஒரு பிரதி, ஊடகப் பிரிவுத் தலைவருக்கு ஒரு பிரதி. மருத்துவச் சான்று மட்டும் தொடரின் தலைமை மருத்துவருக்குத் தனி உறையில். கடிதத்தின் உடல் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“எனக்குச் சிகிச்சை அளித்து வரும் மருத்துவரின் அறிவுரைப்படி, இத்தொடரில் ஆட்டம் முடிந்தபின் செய்தியாளர்களைச் சந்திக்க 60 நிமிட அவகாசமும், சந்திப்பைப் பத்து நிமிடங்களில் முடித்துக்கொள்ள அனுமதியும் கோருகிறேன். தனி நேர்காணல்களிலிருந்து விலக்கு அளிக்க வேண்டுகிறேன். சந்திப்புக்கு வர இயலாத நாளில் என் பெயரில் எழுத்து அறிக்கை ஒன்றை ஒரு மணி நேரத்துக்குள் தருவேன். மருத்துவச் சான்று உங்கள் தலைமை மருத்துவரிடம் உள்ளது. அதன் விவரங்கள் வேறு எவருடனும் பகிரப்படக்கூடாது எனக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலை இம்மாதம் 15ஆம் தேதிக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.”

மறுப்பதற்குப் பதில் மாற்று ஒன்றை முன்வைப்பதுதான் இந்தக் கடிதத்தின் பலம். நிர்வாகிக்கு ஊடகங்களிடம் காட்ட ஏதாவது வேண்டும்; நிருபருக்கு இரவுப் பதிப்புக்கு நாலு வரி வேண்டும். அந்த நாலு வரியை நீங்களே தர முன்வந்தால் பாதிப் பகை அங்கேயே தணிந்துவிடும். கேள்விகளின் தரத்தைப் பற்றியோ நிருபர்களின் குணத்தைப் பற்றியோ கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். அந்தக் குறைகள் உண்மையாகவே இருந்தாலும், அவை வேறு கடிதத்துக்கு உரியவை.

எவ்வளவு வெளிப்படுத்துவது என்ற கேள்வி கடினமானது. 2021 ஜூலையில் டைம் இதழில் எழுதிய கட்டுரையில், செய்தியாளர்களும் தொடர் நிர்வாகமும் தன்னை நம்பாததால் அறிகுறிகளை வெளியே சொல்லும்படியான நெருக்கடிக்கு ஆளானதாக ஒசாகா வருந்தினார். காரணத்தைச் சொல்லாமலே ஆண்டுக்குச் சில நாள்கள் ஊடகக் கடமையிலிருந்து விடுப்பு எடுக்க வீரர்களை அனுமதிக்கலாம் என்றும் யோசனை சொன்னார். அலுவலகத்தில் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுப்பவரிடம் யாரும் ஸ்கேன் கேட்பதில்லை. நல்ல யோசனை, உங்கள் சங்கத்தில் வீரர் பிரதிநிதிகள் இருந்தால் அதை விதியாக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை, மருத்துவருக்கு எல்லாம், நிர்வாகத்துக்குத் தேவையானது மட்டும், பொதுவில் நீங்களாக விரும்பினால் மட்டும் என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள்.

ஒசாகா விலகிய அன்று பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பின் தலைவர் ஜில் மொரெத்தோன் செய்தியாளர்கள் முன் வந்து, அறிக்கையை வாசித்துவிட்டு, ஒரு கேள்வியையும் ஏற்காமல் எழுந்து போனார். கேள்விநேரம் எவ்வளவு சங்கடமானது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

அறைக்குள்

சலுகை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பெரும்பாலான நாள்களில் நீங்கள் அந்த நாற்காலியில் உட்காரத்தான் வேண்டியிருக்கும். மேசைக்கு எதிர்ப்பக்கம் நிருபராகப் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு ஜூனியர் தொடரில், வெல்லும் நிலையிலிருந்து தோற்ற ஒரு பெண்ணிடம், அந்த மேட்ச் பாயிண்டில் என்ன நடந்தது என்று நான் மூன்று முறை வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டேன். முதல் முறை சிரித்தாள். இரண்டாம் முறை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடத் தொடங்கினாள். மூன்றாம் முறை கேட்டபோது மூடி கைதவறி மேசைக்கு அடியில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவள் வெகு நேரம் நிமிரவில்லை. பின்னாலிருந்து அவளுடைய பயிற்சியாளர் “சார், போதும் சார்” என்றார். எனக்குத் தேவையான வரி முதல் பதிலிலேயே கிடைத்திருந்தது. மற்ற இரண்டு முறையும் நான் ஏன் கேட்டேன் என்பதற்கு இன்றும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

அந்தப் பயிற்சியாளர் செய்த வேலையை முன்கூட்டியே ஒருவருக்கு ஒப்படைப்பதுதான் நான் சொல்லக்கூடியவற்றில் முக்கியமானது. சந்திப்பை நடத்தும் நெறியாளரை ஆட்டத்துக்கு முன்பே பார்த்து, ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மைக்கைச் சற்றுத் தள்ளி வைப்பது, கோப்பையைக் கவிழ்ப்பது, எதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டதும் அவர் ‘அடுத்த கேள்வி’ என்றோ ‘கடைசிக் கேள்வி’ என்றோ சொல்ல வேண்டும். 2019 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்ற ஒசாகா, அழுகை வரும்போல் இருக்கிறது, போகலாமா என்று நெறியாளரிடம் தானே கேட்டு எழுந்து போக வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தை அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வைக்காமல் இருப்பதற்குத்தான் சைகை.

2021 ஆகஸ்ட் 16, அமெரிக்காவின் சின்சினாட்டி தொடர்: பாரிஸுக்குப் பின் ஒசாகா கலந்துகொண்ட முதல் பெரிய சந்திப்பு. உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர், எங்களோடு பேச உங்களுக்கு அவ்வளவாக விருப்பமில்லை, ஆனால் ஊடக மேடையால் உங்கள் மற்ற ஆர்வங்கள் பயன்பெறுகின்றனவே, இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்ற பொருளில் கேட்டார். அடுத்த கேள்விக்குப் போகலாமா என்று நெறியாளர் கேட்டார். ஒசாகா வேண்டாமென்று சொல்லி, விளக்கம் கேட்டு, நிதானமாகவே பதில் சொன்னார். கண்ணீர் வந்தது அதற்குப் பிறகு, ஹைட்டி நிலநடுக்கம் பற்றிய அடுத்த கேள்வி கேட்கப்பட்டுக்கொண்டிருந்தபோது. அங்கே நெறியாளர் இடைவேளை விட்டார். சில நிமிடங்கள் கழித்து ஒசாகா திரும்பி வந்து மீதிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இதில் கற்றுக்கொள்ள இரண்டு உண்டு. நம்மை உடைப்பது பெரும்பாலும் கடுமையான கேள்வி அல்ல. அதற்கு அடுத்து வரும் சாதாரணக் கேள்விதான். எனவே ஒரு கடினமான பதிலை முடித்ததும் தண்ணீர் குடியுங்கள், பத்து வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, எழுந்து போய்த் திரும்பி வருவது அனுமதிக்கப்பட்ட செயல்தான். அதற்காக யாரும் அபராதம் போடுவதில்லை.

பதில்களைப் பொறுத்தவரை, முதல் கேள்விக்கு முன்பே நீங்களே ஒரு சிறு உரை சொல்லித் தொடங்குவது பெரிய உதவி. ஆட்டத்தில் எது நன்றாக வந்தது, எது வரவில்லை, அடுத்து என்ன என்று முக்கால் நிமிடம் பேசினால், கேட்க வந்த பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். பதில் சொல்ல விரும்பாத கேள்விக்கு ‘அதைப் பற்றி இன்று பேச விரும்பவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தை, முகம் மாறாமல், காரணம் சொல்லாமல் சொல்லப் பழகுங்கள். காரணம் சொன்னால் அதிலிருந்து அடுத்த கேள்வி முளைக்கும். நண்பர்களை நிருபர்களாக உட்காரவைத்து வீட்டில் ஒத்திகை பார்ப்பது சிரிப்பாகத் தோன்றும். சர்வீஸ் பழகுவதும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. முன் வரிசையின் நடுவில் உங்களுக்குத் தெரிந்த ஒரு முகம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இன்னும் எளிது.

போகவே முடியாத நாளில்

எல்லா ஏற்பாட்டையும் மீறி அப்படி ஒரு நாள் வரலாம். அன்று சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். விதி தரும் நேரம் முடியும் முன்பே ஒருவர் தலைமை நடுவரிடம் நேரில் போய், வீரர் வரவில்லை, மருத்துவர் உடனிருக்கிறார், அறிக்கை வருகிறது என்று சொல்ல வேண்டும். அறிக்கை மூன்று வரி போதும்: ஆட்டத்தைப் பற்றி ஒன்று, எதிராளியைப் பாராட்டி ஒன்று, இன்று சந்திப்புக்கு வர இயலாமைக்கு வருத்தம் ஒன்று. அபராதம் வந்தால் மேல்முறையீட்டுக்கான கெடுவை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் முன்பு எழுதிய கடிதமும் அதற்கு வந்த பதிலும்தான் அப்போது உங்கள் கையில் இருக்கும் ஆவணம். தொடரிலிருந்து விலகுவதா என்ற முடிவை அந்த இரவில் எடுக்க வேண்டாம். மருத்துவரும் பயிற்சியாளரும் இருக்க, காலையில் எடுங்கள்.

தொடர்கள் நடத்துவோரிடம் கேட்டுப் பெறக்கூடியவையும் இப்போது கூடியிருக்கின்றன. ஒசாகா விலகிய 2021ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே யுஎஸ் ஓபன் நிர்வாகம், வீரர்களுக்கு மனநல வல்லுநர்களும் அமைதி அறைகளும் ஏற்பாடு செய்யப்படும் என்று அறிவித்தது. நீங்கள் போகும் தொடரில் அத்தகைய அறை எங்கே இருக்கிறது, செய்தியாளர் அறையிலிருந்து அங்கே கேமராக்கள் இல்லாத வழி உண்டா என்பதைப் பயிற்சிக்குப் போகும் முதல் நாளே நடந்து பார்த்து வையுங்கள். சந்திப்பு முடிந்ததும் கைபேசி உங்கள் கையில் இருக்க வேண்டாம், மேலாளரிடம் இருக்கட்டும். சந்திப்பின் எழுத்துப் பதிவையும் அவரே படித்து, தவறாகப் பதிவானது ஏதாவது இருந்தால் அன்றிரவே ஊடகப் பிரிவுக்குத் தெரியப்படுத்துவார். நீங்கள் குளித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.